ஆட்டத்துக்கு முன்பே போன அறிக்கை

அக்காவின் கணவர் பதினொரு வருடமாகக் கால்பந்துச் சங்கத்தில் தற்காலிக எழுத்தர். பந்தை ஒருமுறைகூட உதைத்ததில்லை. ஆனால் நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்ட அணி தோற்கும்போதெல்லாம் அறிக்கை அடிப்பவர் அவர்தான். "வளரும் வீரர்கள் தற்காப்பில் அரிய அனுபவம் பெற்றனர்" என்ற வரி கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். வளர்ந்தவர்கள் மீசை வைத்து, கல்யாணம் முடித்து, கடை போட்டுவிட்டார்கள். அறிக்கையில் மட்டும் இன்னும் வளர்கிறார்கள்.

இந்த வருடம் செயலாளரும் மனைவியோடு அணியுடன் வெளிநாடு கிளம்பினார். அவர் திரும்புவதற்குள் அமைச்சகத்துக்கு அறிக்கை போயாக வேண்டும்.

"இப்பவே அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வந்ததும் உன்னை நிரந்தரமாக்குற ஃபைலைப் பாக்குறேன்."

அத்தான் எதிரணியின் பெயரைப் போட்டு, கௌரவமாக இருக்கட்டுமே என்று தோல்வியை நாலு கோலோடு நிறுத்தினார். ஆட்டத்தன்று காலையிலேயே அறிக்கையை அனுப்பியும் விட்டார்.

மதியம் பையன்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துத் தொலைத்தார்கள்.

வாழ்த்துச் சொல்லலாமென்று கடல் தாண்டி வேலை பார்க்கும் நான் ஊருக்குப் போன் செய்தேன். "வாழ்த்தாம் வாழ்த்து. இவனுங்களை யாரு ஜெயிக்கச் சொன்னா? வைடா போனை, செயலாளர் கூப்பிடுவாரு."

கூப்பிட்டார்.

"என்னய்யா எழுதி வெச்சிருக்க?"

"நீங்க படிச்சுட்டுத்தானே சார் கையெழுத்து..."

"படிச்சிருந்தா போட்டிருப்பேனா?"

திருத்தினால் ஆட்டத்துக்கு முன்பே படிக்காமல் கையெழுத்திட்டது வெளியே வந்துவிடும். செயலாளர் ஊர் திரும்பி, ஒரு வாரம் மண்டையைக் குடைந்து வழி கண்டுபிடித்தார்: அறிக்கை சரிதான், ஆட்டம்தான் தப்பு. அனுமதி இல்லாமல் தற்காப்பைக் கைவிட்டு முன்னேறி ஆடியது ஏன் என்று பயிற்சியாளருக்கு மெமோ. "இன்னிக்கே போகணும். உன் ஃபைலும் என் மேஜைலதான் இருக்கு."

அத்தான் அடித்தார்.

மறுநாள் பயிற்சியாளர் மெமோவோடு வந்து நின்றார். "பதிலையும் நீங்களே அடிச்சிடுங்க சார். விளையாடுறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சவரு."

அத்தான் நிமிரவில்லை. "எத்தனை காப்பி வேணும்?" என்றார்.

மாதக் கடைசியில் இரண்டு உத்தரவுகள்: பயிற்சியாளரின் நீக்கம், அத்தானின் நிரந்தரம். தன்னுடையதை முதலில் அடித்தார். பிழை வந்துவிடக் கூடாதே.

"அந்தப் பசங்களுக்கு இனிமே யாருங்க சொல்லித்தருவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"செயலாளரோட மச்சினன்."

"அவருக்குப் பந்தாடத் தெரியுமா?"

"தெரியாது. இனிமே அறிக்கையைத் தைரியமா முன்னாடியே அனுப்பலாம்."