இலஞ்சி வீட்டு ஜெபத்தில் என் முறை

1961 ஆடி மாதம் குற்றாலம் போனது குளிப்பதற்காக என்றால் அது பாதி உண்மை. என் மனைவி எஸ்தருக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். "மொதல்ல குற்றாலத்துல ஒரு குளி குளிச்சிட்டு வருவோம்" என்றாள் அவள்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரயிலில் ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல். அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். பஸ்ஸில் தலைக்குப் பதினைந்து நயா பைசா. சாரல் காலத்தில் அறை கிடைப்பது அரிது. பக்கத்து இலஞ்சியில் பள்ளி ஆசிரியராக இருந்த அவள் அண்ணன் ஞானதாஸ் வீட்டில் தங்கினோம்.

வழிநெடுக எஸ்தர் கலகலப்பாகவே வந்தாள். கவலையெல்லாம் எனக்குத்தான். நானும் ஞானஸ்நானம் பெற்றவன். ஆனால் கண்ணால் கண்டதை மட்டும் எழுதும் நிருபர் பழக்கம் கோயிலுக்குள்ளும் என்னோடு வந்துவிட்டது. அவளிடம் இருந்த அமைதி என்னிடம் இல்லை. பொறாமையாக இருந்தது.

அன்று மாலை குடும்ப ஜெபம். பாயில் வட்டமாக முழங்காலிட்டு, ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். என் முறை வந்தால் செருமுவேன். ஞானதாஸ் என்னைத் தாண்டிப் போய்விடுவார்.

எஸ்தர் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, அந்த மேசையில படுக்க எனக்குப் பயமாயிருக்கு. மயக்கத்துலயே போயிருவேனோன்னு இருக்கு. அவுகளுக்கு ஒரு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. அவுகளைப் பார்த்துக்கிடும்."

மூன்று வாரமாக நான் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றவள். கலெக்டர்கள் வாயைக் கிளறத் தெரிந்த எனக்கு அந்த ஒரு பதில், எதுவும் கேட்காத ஆண்டவருக்கு எல்லாம். அமைதியின்மேல் இருந்த பொறாமை அவர்மேல் திரும்பியது. இல்லாத ஒருவர்மேல் பொறாமைப்பட முடியுமா என்று அப்போதே தோன்றியது. விடை இன்னும் என்னிடம் இல்லை.

என் முறை வந்தது. செருமவில்லை. "ஆண்டவரே, இவ உம்மகிட்ட சொல்லுததை என்கிட்டயும் கொஞ்சம் சொல்லச் சொல்லும்."

ஞானதாஸின் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தார். "மாப்ளே, இது ஜெபமா, கோள்மூட்டலா?" என்றார் ஞானதாஸ், கண்ணைத் திறக்காமலே. பிறகு, "ஆமென்."

மறுநாள் காலை பேரருவி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். குளித்துவிட்டு, ஈரத்தலையுடன் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டா பேட்டி எடுக்குத மாதிரி இருக்கு. ஒண்ணு சொல்லுததுக்குள்ள ஒம்பது கேப்பிய. அவரு குறுக்க பேசமாட்டாரு."

பதிலுக்கு ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவதில் ஏறும்போது, "திங்கக்கிழமையே பாளையங்கோட்டை போயிருவோம்" என்றாள்.

போகிறவர்களுக்கு: அருவிக்கு விடிந்ததும் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. மாற்றுத்துணி இரண்டு வேண்டும். சாரலில் எதுவும் காயாது. கையில் அவகாசமும் வேண்டும். பஸ்ஸைத் தவறவிட நேரலாம்.

ஆபரேஷன் அறைக் கதவுவரை எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வாசலில் கையை விடுவித்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன, எனக்குக் கேட்கவில்லை. நல்லபடியாகப் பிழைத்து வந்தாள். அங்கே என்ன சொன்னாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.