சிறப்பு விருந்தினருக்கு செகண்ட் ஷிப்ட்

போன வாரம் எங்கள் ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் யார்? வருஷா வருஷம் இதே தலைவலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரகடம் தொழிற்பேட்டை பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஏதாவது ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜரை அழைப்போம். பெஞ்சு, ஃபேன் என்று எதையாவது தருவார். கூடவே நீளமாக ஒரு அட்வைஸும் தருவார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

இந்த முறை தலைமையாசிரியை பத்தாம் வகுப்புப் பெண்களையே கேட்டுவிட்டார். "யார் வந்து பேசணும்?"

"கம்பெனி பஸ் ஓட்டுற அக்கா!" — கோரஸாகப் பதில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அக்கா, என் தம்பி மனைவி மஞ்சுளா! பள்ளி வாசல் வழியாகத்தான் தினமும் அவள் ஷிப்ட் பஸ் போகும். ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் அம்மா வாயிலிருந்து மட்டும் அது வராது. யார் கேட்டாலும், "மருமவ கம்பெனிக்குப் போவுது" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் அம்மா ஒரே சத்தம். "மேட ஏத்தி வேற மானத்த வாங்கணுமாடி?"

மஞ்சுளாவுக்கோ கவலையே வேறு. "செகண்ட் ஷிப்ட் வண்டி எடுக்கணும் அண்ணி. டைமுக்கு வுட்டுடுங்க."

விழா நாள். இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். சிறப்பு விருந்தினர் என்றால் ஒரு மணி நேரம் லேட்டாகத்தானே வருவார்? அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குக் காக்கிச் சட்டையோடு வந்து நிற்கிறாள் மஞ்சுளா! மேடையில் மைக் செட்காரர் மட்டும் "ஹலோ... ஹலோ..." சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆளாளுக்குப் பொன்னாடை... அவள் கையில் மைக் வந்தபோது கிளம்பும் நேரமே நெருங்கிவிட்டது.

"நான் லைசென்ஸ் எடுத்தப்ப, இவளுக்கு ரிவர்ஸே வராதுன்னு ஊர்ல சில பேரு பெட்டு கட்டினாங்க. இப்ப அவங்கதான் என் வண்டில நிம்மதியா தூங்கிகினு வேலைக்குப் போறாங்க."

கைத்தட்டல் அடங்கவே இல்லை. அதற்குள் ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, உங்க வூட்ல இன்னா சொன்னாங்க?"

மஞ்சுளா முன்வரிசைப் பக்கம் கை காட்டினாள். "எங்க அத்த முன்னாலதான் உக்காந்துகினு கீறாங்க. அவங்களையே கேளு!"

போச்சுடா! பேத்தி டான்ஸ் பார்க்கத்தான் அம்மா வந்திருந்தார். ஒரு டீச்சர் ஓடிப்போய் மைக்கை நீட்டிவிட்டார். அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கல... அவ்ளோதான்." ஒரு மூச்சு வாங்கினார். "இப்ப சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் மருமவ பஸ் ஓட்டுது!"

என் கண் நிறைந்துவிட்டது. மேடையில் மஞ்சுளாவும் அசையாமல் நின்றாள். அம்மா விட்டால்தானே?

"ஏய் மஞ்சு, இன்னா வேடிக்க பாத்துகினு கீற? ஸ்டாப்புல ஜனம் நிக்கும். போய் வண்டிய எடு!"

சிறப்பு விருந்தினர் ஒரே ஓட்டமாக ஓடினார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது — யாருக்கு என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை!