ஹோபர்ட் கிரைடரின் வலது பூட்ஸ்

காப்பர் டீக்கன் என்ற ரேஸ் குதிரையைப் பற்றி வந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தால் கல்நெஞ்சுக்காரனுக்கும் கண் கலங்கும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டு நேரே சர்ச்சிலிருந்து வந்ததுபோல அந்தக் குதிரைக்கு ஒரு பார்வை. உண்மையில் டீக்கன் ஆளைக் கண்டால் கடிக்கிற ரகம். அதைக் குளிப்பாட்டிய ஒருவனின் காதில் பாதி அதன் வயிற்றுக்குள் போயிற்று. லெக்சிங்டன் பக்கத்து லாயங்களில் அந்த அரைக்காதுக்காரனைத் தெரியாதவர்கள் கிடையாது. புத்தகத்தில் மட்டும் அவன் இல்லை. குதிரைக் கதை எழுதுகிறவர்களுக்குக் குதிரை தேவதூதனாக இருந்தே ஆக வேண்டும். தேவதூதன் இருந்தால் சாத்தான் ஒருவனும் வேண்டுமே. அந்த வேலைக்கு வேறொரு குதிரையை ஓட்டிய ஜாக்கி ஹோபர்ட் கிரைடர் அகப்பட்டான்.

புத்தகத்தில் அவன் வருவது நாலு பக்கம்தான். அறுவடைக் கோப்பை ரேஸின் கடைசித் திருப்பத்தில், தோற்கப்போகிற பொறாமையில், பாம்புக் கண்களோடு சாட்டையை ஓங்கி டீக்கனின் முகத்தில் அடிக்கிறான். டீக்கன் அவனை மன்னித்துவிட்டு ஓடி ஜெயிக்கிறது. மன்னித்த விஷயத்தை அது யாரிடம் சொன்னதோ, எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

அந்தப் புத்தகம் வந்த வருஷம் பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாத ஒருவன் ஹோபர்ட்டிடம் வந்து பெயரைக் கேட்டான். ஹோபர்ட் சொன்னான். அவ்வளவுதான், மூக்கு உடைந்தது. அடித்தவன் ஜென்மத்தில் ஒரு குதிரையைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அழுதுகொண்டே அடித்தான்.

அடி ஹோபர்ட்டுக்குப் புதிதல்ல. ஹார்லன் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்தில் பிறந்தவன். அப்பன் கரித்தூளோடு வீட்டுக்குள் நுழையும்போதே பெல்ட்டை உருவுகிறவன். அண்ணன்மார் நாலு பேரும் அப்பன் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கடைக்குட்டி ஹோபர்ட் வளரவே இல்லை. அந்தக் குள்ள உடம்புதான் அவனைக் காப்பாற்றியது. வீட்டைவிட்டு ஓடிவந்து லெக்சிங்டனில் ஒரு லாயத்தில் சாணி அள்ளினான், பிறகு சேணத்தில் ஏறினான்.

ஜாக்கி வாழ்க்கை பட்டுச் சட்டை என்று நினைப்பவர்கள் சினிமா பார்த்தே கெட்டவர்கள். எடை ஏறாமலிருக்கச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்க வேண்டும். அதற்கென்றே ஜாக்கிகள் அறையில் ஒரு தொட்டி உண்டு. மைதானத்தில் ஒருவன் உன்னைக் கம்பிவேலியோடு சேர்த்து நசுக்குவான், அடுத்த ரேஸில் நீ அவன் முழங்காலை நொறுக்குவாய். ஹோபர்ட்டுக்குத் தோள்பட்டை எலும்பு, தாடை, விலா என்று உடையாத இடம் குறைவு. எதுவானாலும் கணக்கு அந்த அறைக்குள்ளேயே முஷ்டியால் தீரும். நடுவர்களிடம் போய் இன்னொரு ஜாக்கியைக் காட்டிக்கொடுப்பவன் மறுநாள் உயிரோடு ரேஸை முடிக்க மாட்டான். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்ததையெல்லாம் மீறுகிற அந்தக் கூட்டம் இதை மட்டும் மீறியதில்லை.

அறுவடைக் கோப்பை அன்று நல்ல மழை. ஹோபர்ட் ஏறியிருந்தது ப்ளெயின் டோரா என்ற பழுப்புப் பெண்குதிரை. அழகு கிடையாது, ஆனால் நெஞ்சு உண்டு. வேலியோரமாக அவள் முன்னேறினாள். வெளிப்பக்கம் டீக்கன், அதன்மேல் ராய்ஸ் டீட்டர். அவனும் ஹோபர்ட்டும் ஒரே லாயத்தில் சாணி அள்ளியவர்கள். டோரா தலையை முன்னே நீட்டிய நேரத்தில் ராய்ஸின் கை இறங்கி ஹோபர்ட்டின் வலது பூட்ஸைப் பிடித்தது. பிடித்து இழுத்தது. டோரா ஒருபக்கமாய்க் கோணி ஓடினாள். ஹோபர்ட் சாட்டையால் அந்தக் கையை அடித்தான். அடித்த வேகத்தில் சாட்டை மேலெழும்பி டீக்கனின் கன்னத்தில் விழுந்தது.

எதிரே இருந்த காமிரா முழுக்கச் சேறு. ரசிகர்கள் பக்கத்துக் காமிராவுக்கு டீக்கனின் உடம்பு மறைத்தது. மேலே எழுந்த சாட்டை மட்டும் ஊருக்கே தெரிந்தது.

டீக்கன் மூக்கு நுனியில் ஜெயித்தது. முடிவுக் கம்பத்தைத் தாண்டிப் பத்தடி போனதும் கோணி ஓடிய டோராவின் முன்னங்கால் சடக்கென்று முறிந்தது. கால் தோலில் தொங்கியது. அப்போதும் அவள் மூன்று காலில் ஓடப் பார்த்தாள். திரையைச் சுற்றிப் பிடித்து, வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டார்கள். ஹோபர்ட் சேற்றில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் டீக்கனுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாக்கிகள் அறையில் ஹோபர்ட் ராய்ஸின் குரல்வளையைப் பிடித்தான். நாலு பேர் சேர்ந்து பிய்த்து எடுத்தார்கள்.

"நாளைக்கு நானே போய்ச் சொல்றேன்டா," என்றான் ராய்ஸ், இருமலுக்கு நடுவே. "இன்னைக்கு ஒரு நாள் விடு. என் வாழ்க்கையில முதல் கோப்பைடா இது."

நடுவர்கள் கூப்பிட்டு ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். ஹோபர்ட் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் தடை. ராய்ஸ் சொன்ன 'நாளைக்கு' வரவே இல்லை. குதிரையை முகத்தில் அடித்தவனுக்கு யார் குதிரை தருவார்? தடை முடிந்தபிறகு விடிகாலையில் மற்றவர்கள் குதிரைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிற வேலைதான் மிஞ்சியது. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறான். பெண்டாட்டி லர்லீன் ஒருநாள், "நீ வேணும்னே அடிச்சியா இல்லையான்னு எனக்கு இப்பவும் தெரியல, அதைக் கேக்கவும் எனக்கு அலுத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டு டென்னசியிலிருந்த அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

இப்போது அந்தப் புத்தகம் சினிமாவாகிறது. லெக்சிங்டனுக்கு வெளியே பழைய மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டீக்கனாக நடிக்க நாலு குதிரைகள்: ஒன்று ஓட, ஒன்று நிற்க, ஒன்று முத்தம் வாங்க, ஒன்று அழ. நாலுக்கும் நெற்றியில் வெள்ளைச் சாயத்தால் நட்சத்திரம். நிஜமாகச் சவாரி தெரிந்த குள்ளர்கள் வேண்டுமென்று லாயங்களில் கேட்டார்கள். ஹோபர்ட் போய் நின்றான். பெயரைக் கேட்டதும் டைரக்டர் வெக்ஸ்லர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்கதான் அவரா? சார், நீங்க உங்களாவே நடிக்கணும், சேறு பூசிட்டா வயசு தெரியாது. பேப்பர்ல எல்லாம் இதுதான் பேச்சா இருக்கும்."

"நடிக்கிறேன். ஆனா அந்தாளு கை என் பூட்ஸைப் பிடிச்சதையும் காட்டணும்."

"நல்ல கதைதான். ஆனா புத்தகத்துல அது இல்லையே. நம்ம ஆலோசகரையே கேப்போம்."

ஆலோசகர் நாற்காலியில் ராய்ஸ் டீட்டர் உட்கார்ந்திருந்தான். தொப்பையும் வெள்ளி முடியுமாக, டீக்கனின் சமாதிக்கு வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்ட முகம். அவன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "மழைல எல்லாம் மங்கலா இருந்துச்சு," என்றான்.

டைரக்டர் நகர்ந்ததும் ஹோபர்ட் அவன் முன்னால் போய் நின்றான்.

"ஒரே ஒரு தடவை சொல்லுடா. எனக்காக வேண்டாம். டோராவுக்காகச் சொல்லு. இந்தப் படத்துல அவளுக்குப் பேரு கூட இல்ல, அஞ்சாம் நம்பராம்."

"படம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"இது படத்துல வந்துட்டா அப்புறம் எவன்டா நம்புவான்? நான் செத்தப்புறமும் இதுதான் நிக்கும்."

"போய்க் குதிரையில ஏறு ஹோபர்ட். எல்லாரும் பாக்கறாங்க."

ஹோபர்ட் ஏறினான். அவனுக்குக் கொடுத்த சாட்டை பஞ்சு வைத்தது. கடைசித் திருப்பத்தில் டீக்கனை அடித்துவிட்டுப் பின்தங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் அவனுக்குக் கிடைத்த பெண்குதிரை போன வருஷம்வரை நிஜ ரேஸில் ஓடியவள். புறப்பாட்டு மணி அடித்ததும் அவளுக்குக் காமிராவும் தெரியவில்லை, டைரக்டரும் தெரியவில்லை. ஹோபர்ட்டும் கடிவாளத்தை இழுக்கவில்லை. டீக்கனை ஒரு குதிரை நீளத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தான்.

"சார், நீங்க தோக்கணும்," என்றார் வெக்ஸ்லர் ஒலிபெருக்கியில்.

"இவகிட்ட சொல்லுங்க."

இரண்டாவது தடவையும் ஜெயித்தான். யூனிட் ஆட்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வெக்ஸ்லர் டீக்கன்மேல் இருந்த எஃப்ராயினைத் திட்டினார். அவன் நிஜ ஜாக்கி, கீழ்மட்ட மைதானங்களில் தினமும் உயிரைக் கொடுக்கிறவன். "இந்தத் தடவை நீ ஜெயிக்கலேன்னா நாளைலேர்ந்து வராதே," என்று அவனிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

மூன்றாவது ஓட்டம். கடைசித் திருப்பத்தில் ஹோபர்ட்டின் குதிரை மறுபடி தலையை முன்னே நீட்டினாள். எஃப்ராயின் யோசிக்கவில்லை. தோற்கிற ஜாக்கி எதைச் செய்வானோ அதைச் செய்தான். அவன் கை இறங்கி ஹோபர்ட்டின் வலது பூட்ஸைப் பிடித்து இழுத்தது.

ஹோபர்ட்டுக்கு வருஷம் எது, மைதானம் எது என்பது மறந்தது. சாட்டையால் அந்தக் கையை வெறிகொண்டு அடித்தான். பஞ்சு கிழிந்து உள்ளே இருந்த பிரம்பு வெளியே வந்தது. விரல் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மேலே எழும்பிய பிரம்பு சாய நட்சத்திரம் போட்ட குதிரையின் கன்னத்தைக் கிழித்தது. எஃப்ராயின் கத்தினான், ஆனால் பூட்ஸை விடவில்லை. டீக்கன் ஜெயித்தது.

"அற்புதம்," என்றார் வெக்ஸ்லர்.

வேலியின் உட்பக்கத்தில், குதிரைகளுக்குச் சற்று முன்னால் ஓடிய காமிரா வண்டி ஒன்று இருந்தது. அது எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் கூடி நின்றார்கள். எஃப்ராயின் உடைந்த விரல்களை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு, "வேற எப்படி ஜெயிக்கிறது? அந்தச் சாயக் குதிரை எருமை மாதிரி ஓடுது," என்றான். திரையில் கை இறங்குவதும், பூட்ஸைப் பிடிப்பதும், சாட்டை அதன்பிறகு எழுவதும் தெளிவாக, வரிசையாகத் தெரிந்தன.

ஹோபர்ட் திரையைப் பார்க்கவில்லை. ராய்ஸைப் பார்த்தான். எல்லோரும் ராய்ஸைப் பார்த்தார்கள்.

ராய்ஸ் தொண்டையைச் செருமினான். "ஆமா, அன்னைக்கும் இப்படித்தான். நான்தான் பிடிச்சேன்," என்றான். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

வெக்ஸ்லர் அந்தக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "கையைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "நம்ம குதிரை ஏமாத்தி ஜெயிச்சதுன்னு தெரிஞ்சா ஜனங்க யாருக்காக அழுவாங்க?"

ராய்ஸ் மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து கல் இறங்கிவிடும் என்றுதான் ஹோபர்ட் இத்தனை காலம் நினைத்திருந்தான். சொன்னபிறகுதான் கோபமே வந்தது. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். இதற்காகவா லர்லீன் போனாள், இதற்காகவா மூக்கு உடைந்தது, இதைச் சொல்லவா முப்பது வருஷம்?

அவன் ராய்ஸை நாற்காலியோடு தள்ளினான். மேலே விழுந்து வாயில் குத்தினான். பல் தெறித்தது. ராய்ஸும் லேசுப்பட்டவன் இல்லை. ஹோபர்ட்டின் கட்டைவிரலைக் கடித்துச் சதையோடு இழுத்தான். தொப்பையும் நரையுமாக இரண்டு குள்ளர்கள் மண்ணில் புரண்டு ஒருவர் தலையை ஒருவர் தரையில் மோதினார்கள். ஹோபர்ட் அவன் காதைப் பிடித்துக்கொண்டு, "டோரா, டோரா," என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னான். விலக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். திரையில் சற்றுமுன் பார்த்தது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் புத்தகத்தில் வருகிற அதே ஆள், ரத்தம் ஒழுகும் ஒரு கிழவனை அடித்துக்கொண்டிருந்தான்.

யாரோ போன் செய்து ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தாள். டென்னி என்று சட்டையில் பெயர். இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டு முதலில் ராய்ஸிடம் போனாள்.

"யார் சார் அடிச்சது?"

ராய்ஸ் வாயைத் துண்டால் பொத்தியிருந்தான். "யாரும் அடிக்கல. கால் தடுக்கி விழுந்தேன்."

"இருபது பேர் பாத்திருக்காங்களே."

"நான் புகார் குடுக்கல. விழுந்தேன்னே எழுதிக்கம்மா. எங்க ஆளுங்க விஷயம் எங்களோட."

ஹோபர்ட் எழுந்து வந்தான். கட்டைவிரலிலிருந்து ரத்தம் சொட்டியது. "பொய் சொல்றான். நான்தான் அடிச்சேன். ஏன் அடிச்சேன்னு கேளுங்க."

"அவர் புகார் இல்லைங்கறார் சார்."

"நான் ஒத்துக்கறேனே. என்னைக் கூட்டிட்டுப் போங்க. கோர்ட்ல ஏன்னு கேப்பாங்க, நான் சொல்லணும். அன்னைக்கு நடுவருங்க கேட்டப்போ சொல்லாம விட்டுட்டேன்."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாயைத் திறக்காமலிருந்தது ஹோபர்ட்டைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று யார் கண்டது? டென்னி சலித்துப்போனாள். "பெரியவரே, கையை ஆஸ்பத்திரில காட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

ஹோபர்ட் காரின் முன்னால் போய் நின்றான். அவள் ஹாரன் அடித்தாள். அவன் பக்கவாட்டில் வந்து கதவை உதைத்தான். நசுங்கியது. மறுபடி உதைத்தான். கண்ணாடி உடைந்து அவள் மடியில் கொட்டுகிறவரை உதைத்தான். அவள் இறங்கி அவனை வண்டியின்மேல் கவிழ்த்து, கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டிப் பின்சீட்டில் தள்ளினாள்.

காரை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் கன்னத்தில் கண்ணாடி கீறிய ரத்தக் கோடு இருந்தது. பிறகு பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவனைப் பார்த்து, "சொல்லுங்க. ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

ஹோபர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். முன்சீட்டின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். "அன்னைக்கு நல்ல மழை," என்று ஆரம்பித்தான். "நான் வேலியோரமா வந்துட்டிருந்தேன், டோரா தலையை நீட்டினா..."

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் டென்னி. "காரை ஏன் உதைச்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க."