கனியின் காதில் அத்தர் பஞ்சு

பெண் வீட்டு வாசலில் கிளாரினெட் நின்றது. சின்ன டிரம்கள் நின்றன. பெரிய டிரம் மட்டும் நிற்கவில்லை. அதை வயிற்றின் மேல் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, வாளையார் ரோட்டில் கனி நடந்துகொண்டே இருந்தான். டம், டம், டம்.

டிரம் போகும் வழியில் போவது வாடகைக் குதிரையின் பழக்கம். அது மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு வாசலைக் கடந்தது. மாப்பிள்ளையின் முகத்தை மல்லிகைச் சரம் மறைத்திருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஏனுங்க, பொண்ணு ஊடு இதுதானுங்க!" பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்ணின் தகப்பனார் மொய்து கத்தினார்.

"டேய் கனி! நிறுத்துடா!" பேண்டு செட்டின் தலைவர் குருசாமி கிளாரினெட்டைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

கனிக்குக் கேட்கவில்லை. கேட்காமலிருக்கத்தான் அவன் ஏற்பாடு செய்திருந்தான்.

வடகரப்பதியில் அவனுக்கு வெற்றிலைக் கடை. கல்யாண மாதங்களில் டிரம். சத்தம் என்றால் உயிர். கிராமபோன் பாடும் இடத்தில் குழாய்க்குள் தலையை விடுவான். கல்குழியில் வெடி வைத்தால் எல்லோரும் காதைப் பொத்துவார்கள், இவன் கிட்டே போவான். மெதுவாகப் பேசுகிறவர்களை அவன் நம்புவதில்லை. கட்டிக்கொண்டதோ பீவியை. அவள் பேசினால் மடியில் தூங்கும் பூனைகூட விழிக்காது.

அந்த வருஷம் காதுக்குள் ஒரு சில்வண்டு குடியேறி ஓயாமல் கத்தியது.

"கூப்ட்டா திரும்பக்கூட மாட்டீங்களா?" என்றாள் பீவி.

"நீ எப்பக் கூப்ட்டே?"

"இப்பத்தானுங்க. தொண்டை கிழியக் கூப்ட்டேன்."

கனி பயந்துபோனான். பாலக்காட்டு டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வண்டு ஏதுமில்லை, டிரம் சத்தத்தால் வந்தது, டிரம்மை விடு, இல்லாவிட்டால் காது போகும் என்றார்.

"ரெண்டும் வேணுமுங்க."

"அப்போ அடிக்கிறபோது காதை அடைச்சுக்கோ."

காதை அடைத்த டிரம்காரனைக் குருசாமி செட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ராவுத்தர் கல்யாணத்தில் யார் காதில்தான் பஞ்சு இல்லை? வருகிறவர்களுக்கெல்லாம் அத்தர் தோய்த்துக் கொடுப்பார்கள், காது மடலில் செருகிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டில் அத்தர் கொடுத்தது கனியின் மச்சான் நூஹு.

"நல்லாப் பெருசாக் குடு மச்சான்."

"மணக்கறதுக்கா, மெத்தை தைக்கறதுக்கா?"

கனி மடலில் செருகவில்லை. துளைக்குள் அழுத்தினான். உலகம் ரோஜாவுக்குள் போய்விட்டது. டிரம்மின் அடி நெஞ்செலும்பில் கேட்டது. இத்தனை சுகமாக அவன் அடித்ததே இல்லை.

பெண் வீட்டார் துரத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் ஆடிக்கொண்டே போனார்கள். கேரளத்துக்கு எல்லை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செக்போஸ்ட் காவலர் குதிரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், யாரோ மந்திரி என்று மூங்கிலைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை மாநிலத்தை விட்டு வெளியேறினார்.

எல்லைக்கு அந்தப் புறம், மெட்ராஸ் ராஜ்யத்தில், குதிரை ரோஜா மணம் பிடித்துப்போய், கனியின் பிடரியில் மூக்கை வைத்தது. கனி கண்ணைத் திறந்தான். குருசாமி ஓடிவந்து டிரம்மைக் கட்டிப்பிடித்தார். அவன் காதிலிருந்து பஞ்சை உருவினார். அது வந்துகொண்டே இருந்தது.

"என்னடா இது?"

"அத்தருங்க."

"டிரம் அடிக்கறவனுக்குக் காது வேண்டாமாடா?"

"வேணுமுங்க. அதுக்குத்தான் அடச்சேன்."

குருசாமி வாயைத் திறந்தார். செட்டை விட்டுப் போ என்று சொல்லப்போகிறார் என்று கனி டிரம்மை இறுக்கிக்கொண்டான். அதற்குள் மொய்து வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை மேல் பன்னீர் தெளித்தார், குதிரை மேலும் தெளித்தார். சிரிப்பு தாங்காமல் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லா மாப்பிள்ளையும் பொண்ணு ஊட்டுக்கு வருவானுங்க. என்ற மருமகனுக்குப் பின்னால பொண்ணு ஊடே ஓடி வந்துருக்குது. இவனையே அடிக்கச் சொல்லுங்க, குருசாமி!"

குருசாமி தலைத்துண்டை அவிழ்த்து ஒரு முனையைக் கனியின் இடுப்பில் கட்டினார். மறுமுனை தம் கையில்.

"அடச்சுக்கோ. நான் இழுத்தா நிக்கோணும்."

திரும்பும்போது செக்போஸ்டில் குதிரைக்கு அனுமதிச் சீட்டு கேட்டு, இல்லையென்றதும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இறங்கி நடந்தார். குதிரை டிரம் போன திசையைப் பார்த்துக் கனைத்தது. பெண் வீட்டு வாசலில் துண்டு இழுபட்டது. டிரம் நின்றது.

மறுநாள் கனி கடை திறந்தான். வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தான். சில்வண்டு கத்தியது, முந்தைய கல்யாணங்களுக்கு மறுநாள் கத்தியதைவிடக் குறைவாக. மத்தியானம் பீவி பின்னால் வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவை கூப்பிட்டதும் திரும்பினான். சோறும் பருப்பும் இருந்தன. செக்போஸ்டில் குதிரையை விட்டுவிட்டார்கள் என்று நூஹு சொன்னான். சாயங்காலம் குருசாமியின் ஆள் வந்து துண்டை வாங்கிக்கொண்டு, ஒரு கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.