டேப் கொடுத்தவனுக்கு நாற்காலி இல்லை

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும்; கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. மூக்கண்டப்பள்ளியில் என் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் ஒட்டிவிடுவார்கள். ஒருவர் தகடு வைக்க, இன்னொருவர் மற்ற பட்டனைத் தட்ட, உருப்படி வேகமாக விழும். டேப்பைக் கொண்டுவந்து கொடுத்ததே சூப்பர்வைசர்தான். அப்படி அண்ணன் தட்டிக்கொண்டிருந்த ஒருநாள், தகடு வைத்த அவன் நண்பனின் மூன்று விரல்கள் போயின.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குக் குடி. முனியப்பன் கோயிலில் கயிறு கட்டினோம்; ஒன்பதாம் நாள் பல்லால் கடித்து அறுத்துவிட்டான். ராயக்கோட்டைப் பக்கம் ஜெபக்கூடத்தோடு சேர்ந்த குடிமீட்பு இல்லம் ஒன்றைச் சொன்னார்கள். சேர்த்தோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் எல்லாப் படிவத்திலும் என் கையெழுத்து. ‘அனுபவ சிகிச்சைக்குச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்தது.

“அப்படின்னா என்னடா?” என்றாள் அம்மா.

“தெரியலம்மா.” தெரியாமல்தான் போட்டேன்.

மூன்றாம் வாரம் குடும்ப நாள். அண்ணனின் கைநடுக்கம் நின்றிருந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஜெபித்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிற பிரதர் என்னை அதில் உட்கார வைத்தார்.

“தம்பி, இப்ப நீங்கதான் விரல் போனவரு. அண்ணன் பேசுவாரு. கடைசில மன்னிச்சேன்னு சொல்லுங்க. மத்தத ஆண்டவர் பாத்துக்குவாரு.”

அண்ணன் மண்டியிட்டான். என் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். “நாந்தான் அமுக்கனன்டா. நீ கைய எடுத்துட்டன்னு நெனச்சன்டா.”

“பாவத்த அறிக்கை பண்ணிட்டாரு. சொல்லுங்க தம்பி.”

பாவமா? யாருடைய பாவம்? எழுந்துவிட்டேன்.

“டேப் குடுத்தவனுக்கு எங்கங்க நாற்காலி? அவன மண்டி போடச் சொல்லுங்க, மன்னிக்கறன்.”

“கம்பெனி விஷயம் இங்க வேணாம் தம்பி. இது உள்காயம்.”

“வெளிய இருந்துதான வந்துச்சு, உங்க உள்காயம்?”

“படிச்ச புள்ளைங்கள கூட்டியாந்தாலே இதான்” என்றார் வட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனையும் அவன் பையையும் இழுத்துக்கொண்டு வெளியேறினேன்.

பஸ் நிறுத்தத்தில் தக்காளி கிரேட் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதிரே ஒயின்ஷாப். அண்ணன் அதையே பார்த்தான்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா.”

“நீ தப்பு பண்ணலண்ணா. சூப்பர்வைசர்...”

“அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா? டேப்ப கிழிச்சுக் குடுத்தத பாத்தவன் நான். அமுக்குனது யாரு கை?”

“சரி, மன்னிச்சேன். போதுமா?”

“நீ யாரா இருந்து சொல்ற?”

அண்ணன் என் தோளிலிருந்த பையை உருவிக்கொண்டு, வந்த வழியே மேட்டில் ஏறினான்.

“கூட வரட்டா?” என்றேன்.

“நாற்காலில உக்காரதா இருந்தா வா. சண்டைக்குன்னா வராத.”

போனேன். அதே நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். அண்ணன் என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிரதர் ஸ்தோத்திரம் சொன்னார், ஜெயித்துவிட்ட முகம். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எரிகிறது.

அண்ணன் இப்போது குடிப்பதில்லை. சூப்பர்வைசர் அதே ஷிப்டில்தான் இருக்கிறான். டேப் இன்னும் ஒட்டுகிறார்களாம்.