என் கறியும் தாமோதரன் சாரின் ஒயினும்

தாமோதரன் சார் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மிச்சத்தையும் நறுக்கி முடித்தேன். அதற்குள் அவரிடம் படித்த நீங்களெல்லாம் கப்பலிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் "தெய்வம்", "தகப்பன்" என்று எழுதித் தள்ளிவிட்டீர்கள். எழுதுங்கள். உங்கள் வகுப்புகளுக்குச் சமைத்துப் போட்டவள் நான். எனக்குத் தெரிந்த மனிதரைப் பற்றி நானும் எழுதுகிறேன்.

இத்தாலிக் கப்பல்களில் ஒயின் பரிமாறிவிட்டு ஊர் திரும்பியவர், வேங்கிக்காலில் தன் வீட்டு மாடியிலேயே ஒயின் ருசி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று காட்ட, அடி அண்ணாமலையில் மெஸ் வைத்திருந்த என்னைச் சமைக்கக் கூப்பிட்டார். முதல் நாள் எனக்கும் ஒரு கண்ணாடிக் கோப்பையை நீட்டினார். பலர் புழங்கும் கோப்பையில் எச்சில் படக் கூடாதே என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

"இது மோர் இல்லம்மா. மூக்க உள்ள வுடணும். வாசனைய வுட்டுட்டு இன்னாத்த குடிச்ச?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் என்னை நிற்க வைத்து, அந்தக் கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தாரே, அது எந்த ஊர் நியாயம்?

தெற்கு இத்தாலியின் அல்யானிக்கோ என்ற சிவப்பு ஒயின்தான் அவருக்கு உயிர். புகை வாடையும் கறுத்த பழ வாசனையுமாக இருக்கும். விழுங்கினால் பச்சை வாழைப்பூவை மென்றதுபோல ஈறெல்லாம் துவர்த்து இழுக்கும். என் மிளகாய்க் கறியோடு குடித்தபோது தொண்டை எரிந்தது. "காரம் ஜாஸ்தியானா ஒயின் நெருப்பாயிடும். கொழுப்புதான் இதுக்குக் கூட்டாளி," என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. நெஞ்சுக்கறியைக் கொழுப்போடு மெதுவாக வேகவைத்து, மிளகாயைக் குறைத்து, சுட்ட கத்தரிக்காயும் வறுத்தரைத்த வேர்க்கடலையும் சேர்த்துப் பார்த்தது நான். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். துவர்ப்பு அடங்கிப் பழ வாசனை மேலே வந்தது. அந்தப் பக்குவம் வருவதற்குள் எத்தனையோ சட்டி கறியைக் கெடுத்திருக்கிறேன்.

புதுச்சேரி ஓட்டல் முதலாளி ஒருவர் தன் சமையலறைக்குத் தலைமைச் சமையல்காரர் தேடி வந்தார். அந்த வேலைக்கு நான் ஏங்கியது சாருக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்டுவிட்டு, கறி யார் செய்தது என்று முதலாளி கேட்டார்.

"ஐடியா, பக்குவம் எல்லாம் நம்மளுது சார். இந்தம்மா கூடமாட ஹெல்ப்பு," என்றார் சார், நான் கரண்டியோடு நிற்கும்போதே. வேலை சாரின் மச்சான் மகனுக்குப் போனது. பிறகு தனியாகக் கேட்டேன். "ஒனக்குப் பேசத் தெரியாது செல்வி. அங்க போயி இன்னா பண்ணப்போற?" என்றார். அன்றோடு அந்த மாடிப்படி ஏறுவதை விட்டேன்.

காரியத்துக்கு முன்னால் அவர் மனைவி போன் செய்தார். "அவருக்குப் புடிச்சத வெச்சு படையல் போடறோம் செல்வி. ஒயின் பாட்டில் இருக்குது. அந்தக் கறிய நீ வந்து செஞ்சு குடுக்கிறியா? உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியிடம் சொல்லத் தெரிந்த வாய்க்கு அந்த முதலாளி முன்னால் என்ன கேடு வந்தது?

அந்த அக்காவின் முகத்துக்காகப் போய்ச் செய்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டு, கறியும் ஒயினும் வைத்தார்கள். பந்தியில் பழைய மாணவர் ஒருவர் ஒரு வாய் தின்றதும் கண் கலங்கி, "இது சாரோட கறியாச்சே," என்றார்.

"இல்லீங்க. இது என்னுது," என்றேன்.

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. காரிய வீட்டில் இப்படிப் பேசலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அந்த மாணவர் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தேன். சார் எனக்கு விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். இனி எந்தச் சட்டியை இறக்கினாலும், யாரும் கேட்பதற்கு முன்னால், "செல்வி செஞ்சது" என்று நானே சொல்லிவிடுவேன்.