நாற்காலிக்கு அளந்த களம்

உத்திரமேரூரில் பூப்பந்துப் போட்டி எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாற்காலியைப் போட்டுவிட்டு அப்புறம்தான் களத்தை அளந்தோம்.

போட்டிக்குத் தலைவர் எங்கள் ஊர்ப் பண்ணையார். இடம் அவருடையது, வெள்ளிக் கோப்பையும் அவர் கொடுத்தது. அறுவடை முடிந்த ஒரு நாள் வந்தார். தெற்கு ஓரத்துப் புளியமரத்து நிழலில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். "எனக்கு நேரா, நீட்டுவாக்குல போடுங்கடா. ஆட்டம் பூரா எனக்குத் தெரியணும்" என்றார். அப்படியே கிழக்கு மேற்காகக் கயிறு கட்டினோம். ஏரி வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சாணி மெழுகியதெல்லாம் எங்கள் தெரு ஆட்கள். சாயங்கால வெயில் ஆட்டக்காரன் கண்ணில் விழுமே என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலி வைத்த இடத்தைப் பற்றி அந்த ஊரில் யார் பேசுவது?

நான் அப்போது ஆரம்பப் பள்ளி வாத்தியார். மிஷன் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்துவிட்டு வந்தவன். அம்மா பண்ணையார் கழனியில் நாற்று நடுகிறவள். என்னைப் போட்டிக்குக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். எழுதவும் ஓடவும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா? மேடையில் கூப்பிடும்போது 'வாத்தியார்', மற்ற நேரமெல்லாம் 'டேய்'.

ஆட்டத்தைப் பார்க்கவும் அவரவருக்கு இடம் உண்டு. மரத்து நிழலில் பண்ணையாரும் அவரோடு வந்த பெரிய மனிதர்களும். மேற்கே வாய்க்கால் கரைமேல் எங்கள் தெரு ஜனம். கரையிலிருந்து பார்த்தால் ஆடுகிறவனின் முதுகுதான் தெரியும். பந்து விழுந்ததா எழுந்ததா என்பதை நிழலில் இருப்பவர்கள் கை தட்டுவதை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்வார்கள்.

முதல் இரண்டு வருஷமும் நாங்கள், மானாம்பதி, திருப்புலிவனம் என்று சுற்றுவட்டார டீம்கள்தான். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் சூரியனை ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு ஆடுவார்கள். காசு சுண்டி ஜெயித்தால் மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள். எதிராளி அண்ணாந்து பார்ப்பான், கண் கூசும், மஞ்சள் கம்பளிப் பந்து அவன் தோள்மேல் வந்து விழும். அதை ஒரு திறமை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வருஷம் மெட்ராஸ் மில் டீம் ஒன்றை வரவழைத்தேன். ஆட்டத்துக்காகவே மில்லில் வேலை கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள். எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. பஸ்ஸிலிருந்து அவர்கள் வெள்ளைச் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக இறங்கியபோது ஊரே கூடி நின்று பார்த்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று சாயங்காலம் முதல் செட்டிலேயே எங்கள் பையன்கள் வழக்கமான வேலையைக் காட்டினார்கள். மெட்ராஸ் கேப்டன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், இது ஆட்டமா? களத்தை இப்படி யார் போட்டது? நாளைக்கும் இப்படியே இருந்தா நாங்க பஸ் ஏறிடறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் போய்விட்டால் போட்டி அத்தோடு முடிந்தது. வெயிலை வைத்து ஜெயிக்கிற ஊர் என்று பேர் பரவினால் அப்புறம் எந்த டீம் எட்டிப் பார்க்கும்?

பண்ணையாரிடம் போனேன். களத்தை வடக்கு தெற்காகத் திருப்ப வேண்டும், திருப்பினால் அதன் ஒரு முனை புளியமரத்தடிக்கு வரும், நாற்காலிகளை எடுத்தாக வேண்டும் என்றேன்.

"போனா போறானுங்க, வுடு. நம்ம பசங்க ஆடினா பத்தாதா? நாற்காலி எங்க கீதோ அங்கயே கீட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "நான் திருப்பத்தான் போறேன். உன்னைக் கழனிக்கு வராதேன்னு சொன்னாலும் சொல்லுவாரு" என்றேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "சொல்லட்டும். ஊர்ல அவர் கழனி ஒண்ணுதான் கீதா? நீ ஒரு வேலையில கைய வெச்சா பாதியில வுடாதே. அதான் எனக்குப் பேஜாரு."

மறுநாள் காலை பண்ணையார் கோர்ட்டு விஷயமாகக் காஞ்சிபுரம் போயிருந்தார். விடிந்ததும் எங்கள் தெருவே மண்வெட்டியோடு வந்துவிட்டது. வலை கட்டியிருந்த சவுக்குக் கம்பங்களைப் பிடுங்கினோம். புதிதாகச் சேர்ந்த இடத்துக்கு வண்டல் கொட்டி உருளை இழுத்தோம். பெண்கள் மெழுகினார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் எனக்குச் சிநேகிதர். அவரை அழைத்து வந்து, இரண்டு கம்பத்தையும் சிமெண்டு போட்டு நட்டேன். மற்றவர்களுக்கு அது எதற்கென்று புரியவில்லை. "மண்ணே போதுமே, சார்" என்றார்கள். எனக்குப் போதாது என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குப் பண்ணையார் வந்து இறங்கினார். மரத்தடியில் சுண்ணாம்புக் கோடு. அவருடைய நாற்காலி கிழக்கு ஓரத்தில்.

"யாரைக் கேட்டுடா திருப்பினே?"

"சூரியனைத் திருப்ப முடியல, ஐயா. அதான் களத்தைத் திருப்பிட்டேன்."

"மரியாதையா பழையபடி வெய்."

"சிமெண்டு போட்டு நட்டாச்சு, ஐயா."

கம்பத்தருகே போய் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெட்ராஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறைப்பாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றுதான் உத்திரமேரூரில் நிஜமான பூப்பந்து ஆட்டம் நடந்தது. எங்கள் பையன்களை மில்காரர்கள் துவைத்து எடுத்துவிட்டார்கள். உயரத் தூக்கி அடித்த பந்தெல்லாம் அடித்த வேகத்தில் திரும்பி வந்தது. தோற்றாலும் எனக்குத் துளி வருத்தமில்லை. கேப்டன் வந்து கையைக் குலுக்கி, அடுத்த வருஷமும் வருகிறோம், இன்னொரு டீமையும் அழைத்து வருகிறோம் என்றார்.

பண்ணையார் மட்டும் அன்றைக்கு ஒன்றும் பார்க்கவில்லை. மேற்கே இறங்கிய வெயில் நேராக அவர் முகத்தில். பேப்பரை நெற்றிக்குப் பிடித்தார், அங்கவஸ்திரத்தைப் பிடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே வாய்க்கால் கரையில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, எங்கள் தெரு ஜனம் ஒவ்வொரு அடிக்கும் கத்திக்கொண்டிருந்தது. களம் முழுக்க அவர்களுக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

கோப்பையைக் கொடுத்து முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நின்றேன். கம்பத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வருசம் நான் எங்க ஒக்கார்றது, வாத்தியாரே?"

"மேக்கால கரைமேல உக்காருங்க, ஐயா. அங்கதான் கண் கூசாது."

"அங்க யார் யாரோ கீறாங்களே?"

"எங்க அம்மா கீறாங்க, ஐயா. நகர்ந்து இடம் குடுப்பாங்க."